பழனியும் கொடைக்கானலும்: கணினி விளையாட்டு மாற்றாக்கத்தில் தமிழ் எழுத்துச் சிக்கல்

ஆய்வுச்சுருக்கம்

கணினி விளையாட்டுகளைப் பயனர்களே திருத்தியும் விரித்தும் அமைப்பது மாற்றாக்கம் (மாடிங்) எனப்படும். மாற்றாக்கத்தின்வழித் தமிழ் எழுத்து விளையாட்டுத் திரைக்கு வரும்போது எழும் சிக்கலைப் பழனி, கொடைக்கானல் ஆகிய இரு ஊர்ப்பெயர்களைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. 1990களில் தமிழ்க் கணிமை கையாண்ட உத்தியே இங்கு மீண்டும் தோன்றுவதையும், அதன் பயனையும் இழப்பையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: மாற்றாக்கம், ஹேக்கர் பண்பாடு, குறியேற்றம், ஒருங்குறி, எழுத்துரு.

முன்னுரை

ஹேக்கர் என்னும் சொல் இன்று பெரும்பாலும் பிறர் கணினிக்குள் அத்துமீறி நுழைபவரைக் குறிக்கிறது. அதன் தொடக்கப் பொருள் வேறு. கிடைத்த கருவியைப் பிரித்தறிந்து, அதனைச் செய்தவர் எண்ணாத பயன்பாட்டிற்குத் திருப்புபவரையே அது சுட்டியது. 1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் உருவான ‘ஸ்பேஸ்வார்’ விளையாட்டு இம்மரபில் தோன்றியது. 1993இல் வெளிவந்த ‘டூம்’, விளையாட்டுத் தரவுகளை நிரலிலிருந்து பிரித்துத் தனிக்கோப்பில் வைத்தமையால், பயனர்கள் புதிய களங்களைத் தாமே அமைக்க வழி பிறந்தது. ‘ஹாஃப் லைஃப்’ விளையாட்டின் மாற்றாக்கமாக 1999இல் தோன்றிய ‘கவுண்டர் ஸ்டிரைக்’ பின்னர்த் தனி விளையாட்டாகவே நிலைபெற்றது.

தமிழகத்தில் மாற்றாக்கம்

2017இல் இந்தோனேசியாவிலிருந்து வெளிவந்த ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’ என்னும் கைப்பேசி விளையாட்டு, பேருந்தின் புறத்தோற்றத்தைப் பயனரே மாற்ற இடமளிக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகள், தனியார் பேருந்துகள் ஆகியவற்றின் வண்ணங்களை இளைஞர்கள் இதற்கென வரைந்து பகிர்கின்றனர். இவ்வண்ணப்பூச்சு ஒரு படக்கோப்பு. எனவே, அதில் எழுதப்படும் தமிழ் ஊர்ப்பெயர் பிழையின்றித் தோன்றும். ஆயினும் அது எழுத்தின் படமே. கணினி அதனை எழுத்தாக அறியாது. உரையாடல், பட்டியல், வழிகாட்டுக் குறிப்பு என விளையாட்டு தானே எழுத்துகளைக் கோத்துக் காட்டும் இடங்களில்தான் சிக்கல் எழுகிறது.

இரு ஊர்ப்பெயர்கள்

‘பழனி’ மூன்று எழுத்துகள் கொண்ட சொல். ஒருங்குறியில் இது ப, ழ, ன, இகரக் குறி என நான்கு குறியிடங்களாகச் சேமிக்கப்படும். இகரக் குறி னகரத்தின் பின்னே வருவதால், குறியிடங்களை வரிசையாக அடுக்கும் எளிய விளையாட்டு இயந்திரத்திலும் இச்சொல் ஏறத்தாழச் சரியாகத் தோன்றும்.

‘கொடைக்கானல்’ அவ்வாறன்று. கொ, டை, க், கா, ன, ல் என்னும் ஆறு எழுத்துகள் பதினொரு குறியிடங்களாகின்றன. ஒருங்குறி ஒலிப்புமுறையைப் பின்பற்றுவதால், மெய்யை முதலிலும் உயிர்க்குறியைப் பின்னும் வைக்கிறது. எழுத்திலோ ஒகரக் குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு ககரத்திற்கு முன்னும் கால் பின்னும் நிற்க வேண்டும். டகரத்திற்கு முன் ஐகாரக் குறி வர வேண்டும். இவ்விடமாற்றத்தைச் செய்யும் வரிவடிவாக்க நிரல் இல்லாத இயந்திரத்தில், கொம்பு ககரத்தின் பின்னே சென்றுவிடும்; ஐகாரக் குறி டகரத்தை விட்டு அடுத்த ககரத்தைச் சார்ந்ததுபோல் தோன்றும். மலையூர்களாகிய பூம்பாறை, பண்ணைக்காடு ஆகியவற்றிலும் ஐகாரக் குறி இவ்வாறே இடம் பிறழும். பூ, டு போன்ற தனிவடிவ எழுத்துகளும் சிதையும்.

பழைய உத்தி

1990களின் கணினிகளில் ஒரு குறியேற்றத்திற்கு 256 இடங்களே இருந்தன. அவற்றுள் முதல் 128 ஆங்கிலத்திற்கு உரியவை. தமிழின் 247 எழுத்துகள் எஞ்சிய இடங்களில் அடங்கா. ஆகவே, கொம்பு, கால் முதலியவற்றைத் தனித்துண்டுகளாக்கி, கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே சேமித்தனர். ‘டிஸ்கி’ குறியேற்றமும், 1999இல் தமிழக அரசு ஏற்ற ‘டாப்’, ‘டாம்’ குறியேற்றங்களும் இவ்வழியில் அமைந்தவை. பாமினி எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வைத்தது. ‘ஜே’ இருந்த இடத்தில் தகரம் அமர்ந்தது. ஜப்பானிய விளையாட்டுகளை ஆங்கிலத்திற்கு மாற்றிய ஆர்வலர்களும் நினைவகத்திலிருந்த ஜப்பானிய வடிவங்களை நீக்கி, அவ்விடத்தில் ஆங்கில வடிவங்களைப் பதித்தனர். இரண்டும் ஒரே ஹேக்கர் மனப்பான்மையின் வெளிப்பாடுகள்.

பயனும் இழப்பும்

இவ்வுத்தி இன்றும் பயன்படும். தமிழ் வடிவங்களைப் பிற எழுத்துகளின் இடத்தில் வைத்தால் எந்த இயந்திரமும் ‘கொடைக்கானல்’ என்று காட்டும். ஆனால் அவ்வுரை குறிப்பிட்ட எழுத்துருவுக்கு அடிமையாகிறது. எழுத்துரு மாறினால் பொருளற்ற குறிகளே எஞ்சும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சான ஆய்வேடுகளைத் திறந்தோர் இதனை நன்கறிவர். தேடல், அகரவரிசைப்படுத்தல், பார்வையற்றோருக்கான திரைவாசிப்பு ஆகியவையும் இயலாமல் போகும்.

நிலையான தீர்வு வரிவடிவாக்க நிரலை இயந்திரத்திலேயே இணைப்பதாகும். ‘ஹார்ஃப்பஸ்’ என்னும் கட்டற்ற நிரல் இப்பணியைச் செய்கிறது. கட்டற்ற விளையாட்டு இயந்திரமாகிய ‘கோடோ’, 2023இல் வெளிவந்த 4ஆம் பதிப்பில் இதனைச் சேர்த்துக்கொண்டது. இவ்வசதியற்ற பழைய விளையாட்டுகளுக்கு இடைவழி ஒன்று உண்டு. மூல உரையை ஒருங்குறியில் எழுதிப் பாதுகாத்து, விளையாட்டில் சேர்க்கும் இறுதிக் கட்டத்தில் மட்டும் தோற்றவரிசைக்கு மாற்றுவதே அது. ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியிலுள்ள இடங்களை இதற்குக் கையாளலாம். தமிழக அரசு 2010இல் ஏற்ற ‘டேஸ் 16’ குறியேற்றமும் அத்தனிப்பயன் பகுதியிலேயே அமைந்தது.

முடிவுரை

மாற்றாக்கம் வெறும் பொழுதுபோக்கன்று. கருவி இடந்தராதபோது மொழிக்கு இடம் உண்டாக்கும் முயற்சியாகும். திரையில் சரியாகத் தோன்றுவதும் கணினியில் எழுத்தாக வாழ்வதும் வேறுவேறு என்பது 1990களின் பட்டறிவு. மூல உரையைக் காத்துத் தோற்றத்தை மட்டும் திருத்தும் மாற்றாக்கமே, விளையாட்டு வழக்கொழிந்த பின்னும் தமிழ் உரையை எஞ்சச்செய்யும்.