தொலைவிலுள்ள கோப்புறையும் கைக்கெட்டும் கோப்பும்

கணிப்பொறியின் திரையில் காணப்படும் கோப்புறை ஒவ்வொன்றும் அந்தக் கணிப்பொறியிலேயே இருப்பதாக எண்ணுவது இயல்பு. முன்பு அது உண்மையாகவும் இருந்தது. இன்றோ, மழையளவுப் பட்டியலைப் பதிவு செய்யும் களப்பணியாளரும் மதிப்பெண் பட்டியல் தயாரிக்கும் ஆசிரியரும் திறக்கின்ற பொதுக் கோப்புறை, பெரும்பாலும் பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு தரவு நிலையத்தில் இருக்கிறது. இவ்வேற்பாட்டிற்கு 'மேகம்' என்று பெயர் வழங்குகிறது. பெயர் அவ்வளவு பொருத்தமானதன்று. உறுதியான கட்டடத்தினுள் இடைவிடாத மின்சாரமும் குளிர்ச்சியும் பெற்று இயங்கும் இயந்திரங்களே அவை. மேகத்தைப் போல் வருவதும் மறைவதும் அவற்றிற்கும் அலுவலகத்திற்கும் இடையிலுள்ள இணைப்புத்தான்.

அந்த இணைப்பு அறுந்துள்ள வேளையிலும் ஊழியர் தமக்கு வேண்டிய கோப்பைத் திறந்து வேலை செய்ய இயலுமா? பொதுக் கோப்புறை ஒன்றை அமைக்கும் பொறுப்பாளர் முதலில் கேட்க வேண்டிய வினா இதுவே.

கோப்புறையை ஊழியருக்கு எட்டச் செய்ய இரண்டு வழிகள் உள்ளன. தொலைவிலுள்ள கோப்புறைக்கு ஓர் எழுத்தைப் பெயராகச் சூட்டி, அதைக் கணிப்பொறியின் சொந்த வட்டு போலத் தோன்றச் செய்வது ஒன்று. பழகிய முறையாதலால் ஊழியர் இதனை விரும்புவர். ஆயின், விண்டோஸ் கணிப்பொறிகளில் இதற்குப் பயன்படும் எஸ்.எம்.பி. என்னும் விதிமுறை, ஒரே கட்டடத்தின் உள்வலைக்கென உருவானது. தாமதம் மிகுந்த நெடுந்தூர இணைப்பில் அது தளர்ந்துவிடும்; இணைப்பு அறுந்தால் 'வட்டு' முழுவதுமே மறையும். இதைவிடக் கவனிக்கத்தக்கது வேறொன்று. இவ்விதிமுறை 445 என்ற எண்ணுள்ள வாயிலைப் பயன்படுத்துகிறது. 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வான்னகிரை என்னும் நச்சு நிரல், இதன் பழைய வடிவத்திலிருந்த குறையின் வழியாகவே கணிப்பொறிக்குக் கணிப்பொறி தாவியது. இணையச் சேவை நிறுவனங்கள் பல அவ்வாயிலை அடைத்தே வைத்துள்ளன. ஆகவே, அலுவலகத்தில் இயங்கும் கோப்பு, வீட்டிலிருந்தோ முகாமிலிருந்தோ திறக்காமற் போவதில் வியப்பில்லை. அதற்காக அலுவலக சர்வரின் வாயிலை இணையத்தை நோக்கித் திறந்து வைப்பது, கதவின் பூட்டைக் கழற்றி வைப்பதற்கு ஒப்பாகும். மறைகுறியிட்ட தனியார் வலை வழியாக மட்டுமே அனுமதித்தல் வேண்டும்.

இரண்டாவது வழி, கோப்பின் பிரதியை ஊழியரின் கணிப்பொறியிலேயே வைத்து, இணைப்புள்ளபோது மூலத்துடன் ஒத்திசைப்பது. இதன் வரலாறு சுவையானது. அமெரிக்காவிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், ஐ.பி.எம். நிறுவனத்தின் கூட்டுறவோடு 1982-இல் ஆண்ட்ரூ என்னும் திட்டம் தொடங்கிற்று. கோப்பைத் திறக்கும்போது அது முழுவதையும் வரவழைத்துக்கொள்வதும், மூடும்போது மாற்றங்களைத் திருப்பி அனுப்புவதும் அதன் கோப்பு முறையின் தொடக்க கால இயல்பு. அதனை வடிவமைத்தோரில் முதன்மையானவர் மகாதேவ் சத்தியநாராயணன். இவர் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவர். 1987-இல் இவர் தொடங்கிய கோடா என்னும் ஆராய்ச்சி ஒரு படி மேற்சென்றது. தேவைப்படும் கோப்புகளை முன்கூட்டியே சேமித்து, இணைப்பின்றியே வேலை செய்து, இணைப்பு மீண்டதும் மாற்றங்களை ஒன்றுசேர்க்க அது வழி கண்டது.

ஒரே கோப்பை இருவர் தனித்தனியே திருத்தினால் என்னாகும் என்ற ஐயம் அப்போதே எழுந்தது. ஆண்ட்ரூ முறையின் பயன்பாட்டை ஓராண்டுக் காலம் அளந்து பார்த்ததில், 99 சதவீதத்திற்கும் மேற்பட்ட மாற்றங்களை, அக்கோப்பை முன்பு கடைசியாகத் திருத்தியவரே செய்திருந்தார். வெவ்வேறு இருவர் ஒரு நாளுக்குள் ஒரே பொருளைத் திருத்தும் வாய்ப்பு அதிக அளவில் 0.75 சதவீதமே. இக்கணக்கு 1991-இல் வெளியிடப்பட்டது. ஆனால் அது பல்கலைக்கழகத்தாரின் பழக்கம். மாத இறுதியில் பத்துப் பேர் ஒரே பட்டியலை நிரப்பும் அலுவலகத்திற்கு இதே ஆறுதலைச் சொல்ல இயலாது.

இன்றைய ஒத்திசைப்புச் சேவைகள் பலவும் இந்த வழியையே பின்பற்றுகின்றன. எனினும் ஒரு நுட்பத்தை அறியாமையால் குறைகள் மிகுகின்றன. வட்டில் இடம் மிச்சமாகும் பொருட்டு, அவை கோப்பின் பெயரை மட்டும் காட்டி, உள்ளடக்கத்தைத் தொலைவிலேயே விட்டுவைப்பதுண்டு. ஒன்டிரைவில் இத்தகைய கோப்பின் அருகே சிறு மேகக் குறி தென்படும். பச்சை நிறச் சரிக்குறி இருந்தால் பிரதி கையில் உள்ளது. முகாமுக்குப் புறப்படும் ஊழியர் மேகக் குறியைப் பார்த்து, "கோப்பு இருக்கிறது" என்று நம்பிச் சென்றால், சிற்றூரில் அது திறவாது. இன்றியமையாத கோப்புறைகளை மட்டும் 'எப்போதும் இக்கணிப்பொறியில் வைத்திருக்க' என்று முன்பே குறித்துவிட வேண்டும். அனைத்தையும் அவ்வாறு குறித்தால் வட்டு நிரம்பி, ஒத்திசைப்பே நின்றுவிடக்கூடும்.

பலர் நிரப்பும் பட்டியலை, பணியாளருக்கு ஒரு கோப்பு வீதம் பிரித்துப் பின்னர்த் தொகுப்பது சிரமமான காரியமன்று. பிரிக்காவிடில், 'முரண்பட்ட பிரதி' என்னும் இரண்டாவது கோப்பு தோன்றி, எது சரியான கணக்கு என்று தேட நேரும். பல பேர் ஒரே நேரத்தில் திறக்கும் கணக்குப் புரோகிராம்களின் தரவுக் கோப்புகளை ஒத்திசைப்புக் கோப்புறையில் வைக்கவே கூடாது. அவை பாதி எழுதிய நிலையில் பிரதியாகிச் சிதையக்கூடும்.

பொதுக் கோப்புறை ஓர் ஊழியரின் தனிக் கணக்கில் இருப்பின், அவர் ஓய்வுபெற்று அக்கணக்கு நீக்கப்படும்போது கோப்புறையும் போய்விடும். அதை அலுவலகத்தின் பெயரில் அமைத்து, அனுமதியைத் தனி ஆளுக்கன்றிக் குழுவிற்கு அளிப்பது நலம். மாற்றலாகிச் செல்பவரைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டால் போதும். ஒத்திசைப்பைக் காப்புப் பிரதியாகக் கருதவும் கூடாது. ஒருவர் தவறுதலாக அழித்த கோப்பு சில நிமிடங்களில் அனைவரிடத்தும் அழிந்துவிடும். குப்பைத்தொட்டியில் அது சில காலம் இருக்குமெனினும், தனியான பிரதி ஒன்று வேறிடத்தில் வேண்டும்.

இவையனைத்தையும் அமைத்த பின், வேலை நாளொன்றில் இணைப்புக் கம்பியைக் கழற்றி, கம்பியில்லா இணைப்பையும் நிறுத்தி, ஊழியர் ஒவ்வொருவரையும் தத்தம் கோப்பைத் திறந்து ஒரு வரி எழுதச் சொல்லலாம். எவருடைய கோப்பு திறக்கவில்லையோ, அவருடைய கணிப்பொறியில் மேகக் குறி எங்கே இருக்கிறதென்று பார்த்தால் காரணம் விளங்கிவிடும்.