அக்கா ஒரு அறை, தம்பி ஒரு அறையா?



எங்கள் மாகறல், காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில், செய்யாற்றங்கரையில் இருக்கிற ஊர். ஆறு இருக்கிறதே தவிர, மழைக்காலம் வந்தால்தான் அதில் தண்ணீரைப் பார்க்கலாம். அதனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கப்பல் என்றால் காகிதக் கப்பல்தான்! இருந்தாலும், இந்த வாரம் நாம் ஒரு பெரிய கப்பலுக்குள் போய்வரப் போகிறோம். புறப்படலாமா?

மிதக்கும் ஊர்

சரக்கு ஏற்றிப் போவது சரக்குக் கப்பல். மக்கள் விடுமுறையைக் கழிப்பதற்காகவே கடலில் சுற்றிவருவது உல்லாசக் கப்பல். 2022 ஜூன் மாதம் நம் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் அப்படி ஒரு கப்பல் புறப்பட்டது. அடுக்கடுக்காக மாடிகள், சாப்பாட்டுக் கூடங்கள், நீச்சல் குளம், நாடக அரங்கு எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். ஓர் ஊரையே தூக்கிக் கடலில் வைத்தது போல!

இத்தகைய கப்பல்களில் குழந்தைகளுக்கென்று தனியாக ஓர் இடம் உண்டு. சிறுவர் மன்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா அம்மா ஓய்வெடுக்கும் நேரத்தில் பிள்ளைகள் அங்கே படம் வரையலாம், விளையாடலாம், கதை கேட்கலாம். பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற அண்ணன்களும் அக்காக்களும் இருப்பார்கள்.

வாசலில் முதலில் கேட்கும் கேள்வி என்ன தெரியுமா? “உன் வயது என்ன?” என்பதுதான்.

பெரும்பாலான கப்பல்களில் வயதுவாரியாகப் பிரித்துவிடுவார்கள். 3 முதல் 5 வயது வரை ஒரு குழு, 6 முதல் 8 வரை இன்னொரு குழு, 9 முதல் 11 வரை மற்றொரு குழு என்று வைத்துக்கொள்வோம். (கப்பலுக்குக் கப்பல் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும்.) இப்போது ஒரு கேள்வி. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள். வயது 4, 7, 10. மூவரும் எத்தனை அறைகளில் இருப்பார்கள்?

மூன்று அறைகளில்! வீட்டில் ஒரே பாயில் படுத்துத் தூங்குகிறவர்கள், கப்பலில் ஆளுக்கொரு மூலையில். நான்கு வயதுக் குட்டி என்ன செய்யும்? புது இடம், புது முகங்கள், கால் அடியில் ஆடும் தரை... “அக்கா!” என்று அழத்தானே செய்யும்?

ஏன் பிரிக்கிறார்கள்?

பிரிப்பவர்களைத் திட்டாதீர்கள். அவர்களிடம் நியாயமான காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம், ஆபத்து. பெரிய பிள்ளைகள் விளையாடும் சாமான்களில் சின்னச் சின்னத் துண்டுகள் இருக்கும். குட்டிகள் அதை வாயில் போட்டுக்கொள்வார்கள். தொண்டையில் சிக்கினால் மூச்சு அடைத்துவிடும். விளையாட்டுச் சாமான் பெட்டிகளில் ‘3 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அல்ல’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அது இதற்காகத்தான்.

இரண்டாவது காரணம், ஆள் கணக்கு. குழந்தை எவ்வளவு சின்னதோ, அவ்வளவு அதிகம் ஆட்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்து வயதுப் பிள்ளைகள் பதினைந்து பேரை ஒருவர் சமாளித்துவிடலாம். மூன்று வயதுப் பிள்ளைகள் பதினைந்து பேரை ஒருவரிடம் விட்டுப் பாருங்கள்!

மூன்றாவது, விளையாட்டு. பெரியவர்கள் ஓடும் வேகத்தில் சின்னவன் ஓட முடியாது. சின்னவனுக்குச் சொல்லும் கதை பெரியவளுக்குக் கொட்டாவி வரவழைக்கும்.

இதற்குப் பல கப்பல்களில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பெற்றோர் கேட்டுக்கொண்டால் அண்ணன் தம்பிகளை ஒரே குழுவில் விடுவார்கள். ஆனால் பெரும்பாலும் ஒரு நிபந்தனை உண்டு. பெரிய பிள்ளை இறங்கி வந்து சின்னவர்களின் குழுவில் சேரலாம். சின்னப் பிள்ளை ஏறிப் போய்ப் பெரியவர்களின் குழுவில் சேர முடியாது. முன்னே சொன்ன ஆபத்துதான் காரணம்.

சரி, தம்பி அழாமல் இருப்பான். அக்கா? பத்து வயது அக்கா நாள் முழுக்கக் கரடி பொம்மைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்க வேண்டும். விட்டுக்கொடுப்பது எப்போதும் அக்காவாகவே இருந்தால் அது நியாயமா? இதுதான் இந்தக் கட்டுரையின் முடிச்சு. இதை அவிழ்க்கக் கப்பலை விட்டு இறங்கி, நம் ஊர்ப் பக்கமே வருவோம்.

கல்லில் எழுதிய வயதுக் கணக்கு

வயது பார்த்து ஆளைச் சேர்ப்பது புதிய பழக்கம் இல்லை. எங்களுக்குப் பக்கத்து ஊரான உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகள் ஆகின்றன. குடவோலை முறையில் ஊர் வாரியத்துக்கு ஆள் எடுக்கும் விதிகள் அதில் உள்ளன. 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று.

ஆனால் ஒரு வேடிக்கை! பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிருந்து எடுப்பது யார்? உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன்! பெரியவர் வேலை பெரியவருக்கு, சிறுவன் வேலை சிறுவனுக்கு. ஆனால் கூடியிருந்த சபை ஒன்றுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டு வயது வாத்தியார்

அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று தனித்தனி அறைகள் கிடையாது. எல்லா வயதுப் பிள்ளைகளும் ஒரே திண்ணையில் உட்காருவார்கள். நன்றாகப் படிக்கும் பெரிய பையன் சட்டாம்பிள்ளை. அவன் சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். மணலில் விரலால் எழுதிப் பழகுவார்கள்.

1789-ல் சென்னை எழும்பூரில் இருந்த ஆதரவற்ற சிறுவர் விடுதியின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஏற்றார். ஒரு நாள் நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். ‘அட, நல்ல முறையாக இருக்கிறதே!’ என்று தம் விடுதியிலும் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் முன்வரவில்லை. உடனே அவர் ஜான் ஃபிரிஸ்கன் என்ற மாணவனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கச் சொன்னார். அவனுக்கு வயது எட்டுதான்! வேலை வெற்றிகரமாக நடந்தது.

பெல் தாய்நாடு திரும்பி, 1797-ல் இதைப் பற்றி லண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்திலும் வேறு பல நாடுகளிலும் பரவியது. நம் திண்ணையிலிருந்து புறப்பட்ட பாடம் கடல் தாண்டிப் போய்விட்டது பார்த்தீர்களா?

அடையாற்றுக்கு வந்த அம்மையார்

அதற்கு எதிர்த்திசையில், கடல் தாண்டி நம்மிடம் வந்தவர் ஒருவர் உண்டு. இத்தாலியில் பிறந்த மருத்துவர் மரியா மாண்டிசோரி. 1907-ல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டதால் பல ஆண்டுகள் இந்தியாவிலேயே தங்கினார்.

அவருடைய முறையில் 3 முதல் 6 வயது வரை உள்ளவர்கள் ஒரே அறையில்தான் இருப்பார்கள். சின்னக் குழந்தை பெரியதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. பெரிய குழந்தை சொல்லிக்கொடுக்கும்போது தனக்குத் தெரிந்ததை இன்னும் நன்றாகத் தெரிந்துகொள்கிறது. நானும் வகுப்பில் இதைக் கண்டிருக்கிறேன். வாய்ப்பாட்டை ஒப்பிக்கும்போது தடுமாறிய பிள்ளை, தம்பிக்குச் சொல்லிக் கொடுத்த பிறகு தடுமாறவே இல்லை.

பாயில் உட்கார்ந்த பாடம்

உங்கள் அப்பா அம்மா படித்த காலத்துக்குப் பிறகு, நம் அரசுப் பள்ளிகளிலும் இந்த முறை வந்தது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளி காட்டிய வழி அது. பிறகு தமிழ்நாடு முழுவதும் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். சுவரின் கீழ்ப்பகுதியில், அவர்கள் கை எட்டும் உயரத்தில் கரும்பலகை. பாடங்கள் அட்டைகளாக மாறின. ஏணிப்படியில் எந்தப் படியில் இருக்கிறோமோ அந்த அட்டையை எடுக்க வேண்டும். அண்ணன் ஒரு படியில், தம்பி ஒரு படியில். ஆனால் இருவரும் ஒரே அறையில்!

2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் வைத்திருப்பது உங்களில் சிலருக்குத் தெரியும். அங்கேயும் பார்ப்பது வயதை அல்ல; பிள்ளைக்கு என்ன தெரிகிறது என்பதைத்தான்.

இடுப்பில் தம்பி

இப்போது அக்காவின் பக்கத்துக்கு வருவோம்.

நான் 1980-களில் ஆசிரியப் பணியில் சேர்ந்தபோது, மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி படித்தாள். தினமும் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவாள். அப்பா அம்மா இருவரும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்விடுவார்கள். கடைசி வரிசையில் உட்காருவாள். தம்பி அழுதால் வெளியே தூக்கிக்கொண்டு போவாள். அவன் தூங்கும் நேரம்தான் அவளுக்குப் பாட நேரம். நல்ல அறிவுள்ள பெண். கூட்டல் கணக்கை மனதிலேயே போட்டுவிடுவாள். ஆனால் அடுத்து ஒரு தங்கையும் பிறந்ததும் பள்ளிக்கு வருவது நின்றுபோனது. வீட்டுக்குப் போய்ப் பேசிப் பார்த்தோம். “பிள்ளையை யார் பார்த்துக்குவா சார்?” என்று அந்தத் தாய் கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று அந்தத் தெருவில் பதில் இல்லை.

பதில் பால்வாடி உருவில் வந்தது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் இந்தியாவில் 33 வட்டாரங்களில் தொடங்கியது. 1982-ல் எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்தபோது தொடங்கிய சத்துணவுத் திட்டம், பள்ளிப் பிள்ளைகளோடு பள்ளிக்குப் போகாத குட்டிகளுக்கும் சோறு போட்டது. ஊர் ஊராக மையங்கள் வந்தன. தம்பியை ஆயாவிடம் விட்டுவிட்டு, அக்கா இரண்டு கைகளும் சும்மா இருக்க வகுப்புக்குள் வந்தாள். சிலேட்டைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டுமே!

பால்வாடி பள்ளிக்கு அருகிலேயே இருந்த இடங்களில் இன்னொரு நன்மையும் கண்டேன். சாப்பாட்டு மணி அடித்ததும் அக்காக்கள் ஓடிப்போய்த் தம்பி தங்கைகளைப் பார்ப்பார்கள். மூக்கைத் துடைத்துவிட்டு, நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரும்புவார்கள். பாட நேரத்தில் தனித்தனி, சாப்பாட்டு நேரத்தில் ஒன்றாக. 2019-ல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கியபோது, ஒரே வாசல் வழியாக அண்ணனும் தங்கையும் நுழைகிற வாய்ப்பு இன்னும் பலருக்குக் கிடைத்தது.

அழுகிற குட்டிக்கு நாள் முழுக்க அக்கா தேவையில்லை. அக்கா எங்கே இருக்கிறாள், எப்போது வருவாள் என்று தெரிந்தால் போதும். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து அழுத பிள்ளைகளின் பக்கத்தில், அண்ணனையோ அக்காவையோ சில நாள் உட்கார வைத்திருக்கிறேன். முதல் நாள் காலை முழுவதும், அடுத்த நாள் ஒரு மணி நேரம், அதற்கடுத்த நாள் வாசல் வரை. ஒரு வாரத்தில் குட்டியே “நீ போ” என்று சொல்லிவிடும்!

ஒப்புக்குச் சப்பாணி

விளையாட்டுக்கு என்ன வழி? அதை எந்தக் கப்பல்காரரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் தெருக்களில் பழைய காலம் தொட்டே ஒரு வழி இருக்கிறது. அதுதான் ‘ஒப்புக்குச் சப்பாணி’!

ஓடிப்பிடித்து ஆடும்போது குட்டித் தம்பி “நானும் வருவேன்” என்று அழுகிறான். சேர்த்தால் ஆட்டம் கெடும். சேர்க்காவிட்டால் அம்மாவிடம் அடி விழும். உடனே பெரியவர்கள் அவனை ஒப்புக்குச் சேர்த்துக்கொள்வார்கள். அவனும் ஓடலாம், ஒளியலாம், கத்தலாம். அவனைத் தொட்டால் அவுட் இல்லை. அவன் தொட்டாலும் கணக்கில் இல்லை. ஆனால் ஆட்டத்தில் இருக்கிறான்! கூடவே ஓடி ஓடி, யாரும் சொல்லாமலே விதிகளைக் கற்றுக்கொள்கிறான். ஒரு நாள், “இனிமேல் நான் ஒப்புக்கு இல்லை, என்னையும் சேர்த்து சா பூ த்ரீ போடுங்க” என்பான். அன்றைக்கு அவன் வளர்ந்துவிட்டான் என்று அர்த்தம்.

(சப்பாணி என்பது நடக்க முடியாதவரைக் குறித்த பழைய சொல். யாரையும் கேலி செய்ய அதைச் சொல்லக்கூடாது. ‘ஒப்புக்கு’ என்று மட்டும் சொன்னாலே போதும்.)

செய்து பாருங்கள்

திருவிழாவுக்கோ கோடை விடுமுறைக்கோ சித்தப்பா, அத்தை வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் கூடும்போது உங்கள் வீடும் ஒரு சிறுவர் மன்றம்தான். அப்போது இவற்றைச் செய்து பாருங்கள்:

1. மணி, புளியங்கொட்டை, ஆணி போன்ற சின்னச் சாமான்களைக் குட்டிகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

2. எல்லோரும் சேர்ந்து ஆட ஒரு நேரம், பெரியவர்கள் மட்டும் ஆட ஒரு நேரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். “சாப்பிட்டதும் உன்னோடு விளையாடுவேன்” என்று தம்பியிடம் சொன்னால், சொன்னபடி செய்யுங்கள்.

3. குட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையை முறை வைத்துச் செய்யுங்கள். அக்காவுக்கு ஒரு முறை என்றால் அண்ணனுக்கும் ஒரு முறை. பெண்பிள்ளை வேலை என்று தள்ளிவிடாதீர்கள்.

4. குட்டிகளுக்கும் ஒரு பொறுப்புக் கொடுங்கள். சீட்டு எடுப்பது, காய் எண்ணுவது, விசில் ஊதுவது எல்லாம் அவர்களுக்கு உரியவை. உத்திரமேரூர்ச் சிறுவன் நினைவிருக்கிறதல்லவா?

5. கிணறு, ஏரி, ஆறு பக்கம் போவதானால் பெரியவர் ஒருவர் கட்டாயம் கூட வர வேண்டும். பத்து வயது அக்காவும் சின்னப் பிள்ளைதான்.

உங்கள் ஊரில் ஒப்புக்குச் சேர்க்கப்படும் பிள்ளைக்கு என்ன பெயர்? ஊருக்கு ஊர் இது மாறும். இன்று மாலை தாத்தா பாட்டியிடம் கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள். அப்படியே, அவர்கள் சின்ன வயதில் யாருடைய இடுப்பில் ஏறி விளையாடப் போனார்கள் என்றும் கேளுங்கள். ஒரு நல்ல கதை கிடைக்கும்!