விக்ரவுண் கற்றூண்

ஸ்கொத்துலாந்தின் தென்மேற்குக் கரையில், விக்ரவுண் என்னும் சிற்றூரை அடுத்த உவர்நிலப் புல்லிடையே கற்றூண் ஒன்று தனித்து நிற்கின்றது. முன்னர் பிளட்நொக் ஆறு அவ்வழியே கடலை அடைந்தது. பின்னர் அதன் போக்கு மாறிற்று. 1685 ஆம் ஆண்டு மே 11 ஆம் நாள், அங்கே முளைகளிற் பிணைக்கப்பட்டு, ஏறிவந்த கடல்நீரால் மூழ்கடிக்கப்பட்ட பெண்கள் இருவரின் நினைவுச் சின்னமே அது. ஒருவர் அறுபதைக் கடந்த மாகிரற் மக்லக்லன். மற்றவர் பதினெட்டு வயதினரான மாகிரற் வில்சன். திருச்சபைக்குத் தலைவர் கிறித்துவேயன்றி அரசனல்லன் என்பது அவர்தங் கொள்கை. அக்கொள்கையினர் அரசனுக்கெதிராய் விடுத்த பிரகடனத்தை மறுத்துச் சத்தியஞ் செய்யுமாறு பணிக்கப்பட்டும், அவர்கள் இணங்கிலர். முதியவரை ஆழத்தில் நிறுத்தினர் என்பது மரபு. அவர் மாள்வதைக் கண்டு இளையவர் மனந்திரும்புவாரென எண்ணினர் போலும். அவர் திரும்பிலர்.

ஆயினும், ஏப்பிரில் 30 ஆம் நாளே எடின்பரோவிற் கோமறைக் கழகம் தண்டனையை ஒத்திவைத்திருந்தது. இதனைக்கொண்டு, கொலையே நிகழ்ந்திலதென 19 ஆம் நூற்றாண்டில் மாக் நேப்பியர் வாதிட்டார். வாதம் கூரியதே, எனினும், தலைநகரில் எழுதப்பட்ட ஆணை தொலைவிலுள்ள கரையைக் காலத்தோடு எட்டிற்றென்பதற்கு அது சான்றாகாது. நிகழ்ச்சி நடந்து இருபத்தாறு ஆண்டுகளின் பின், 1711 இல், கண்டோர் பலர் உயிரோடிருந்திருக்கக்கூடிய காலத்தில், அயலிலுள்ள பெனிங்கம், கிர்க்கின்னர் கோயிற்பற்றுச் சபைகள் தத்தம் ஏடுகளில் அம்மரணங்களை விரித்தெழுதியுள்ளன.