1,499 ரூபாய்க்குக் காஞ்சிப் பட்டு

கீழ்பென்னாத்தூரில் கல்யாணம் முடிவானால் மண்டபம் பிடித்த கையோடு அடுத்த பேச்சு முகூர்த்தப் பட்டுதான். வேன் பிடித்துக் காஞ்சிபுரம் போவார்கள். இல்லையென்றால் அவலூர்பேட்டை, சேத்துப்பட்டு வழியாக ஆரணி. இப்போது முகூர்த்தச் சேலைக்கு மட்டும் கடைக்குப் போய்விட்டு, சொந்தக்காரர்களுக்கு எடுப்பதையெல்லாம் ஃபோனிலேயே முடித்துவிடுகிறார்கள். டீக்கடையில் எங்கள் தெருத் தம்பி ஒருவர் காட்டிய விளம்பரம் இது: ஒரிஜினல் காஞ்சிபுரம் ப்யூர் சில்க், 1,499 ரூபாய், இன்று மட்டும். "அக்கா கல்யாணத்துக்குச் சித்திங்க மூணு பேருக்கும் இதையே எடுத்துடலாமாண்ணா?" என்று கேட்டார். டீ வந்தது. உட்காருங்க தம்பி, நிதானமா பார்ப்போம் என்றேன்.

முதலில் கணக்கு. கனமான பட்டுச் சேலை ஒன்றுக்கு அரைக் கிலோவும் அதற்கு மேலும் பட்டு நூல் பிடிக்கும். கச்சாப் பட்டு கிலோ பல ஆயிரம் ரூபாய். அதைக் காய்ச்சிப் பசை எடுத்தால் எடையில் கால் பங்கு வரை போய்விடும். அப்புறம் சாயம், பாவு ஓட்டும் கூலி, ஜரிகை. அதன் பிறகுதான் நெசவாளர் தறியில் உட்கார்ந்து நாள் கணக்கில் நெய்வது. இதில் நூல் செலவுக்கே 1,499 போதாது. எந்தத் தள்ளுபடியும், எந்தப் பழைய ஸ்டாக்கும் இந்தக் கணக்கை மாற்றாது. படத்தில் இருப்பது பாலியெஸ்டராக இருக்கும், அல்லது கலப்பு நூலாக இருக்கும்.

பாலியெஸ்டர் சேலை வாங்குவது தப்பில்லை. அதை அந்தப் பெயர் சொல்லி விற்கட்டும். ஆனால் விளம்பரத்தின் தலைப்பில் பட்டு என்றும், கீழே பொடி எழுத்தில் 'ஆர்ட் சில்க்', 'சில்க் பிளெண்ட்', 'லிச்சி சில்க்', 'காஞ்சிபுரம் ஸ்டைல்' என்றும் போட்டிருப்பார்கள். ஆர்ட் சில்க் என்றால் செயற்கை இழை. பிளெண்ட் என்றால் கலப்பு. 'சாஃப்ட் சில்க்' என்ற பெயரில் அசல் பட்டும் வருகிறது, போலியும் வருகிறது. அந்தப் பெயரை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எனவே படத்தை விட்டுவிட்டு, துணியின் வகை எழுதியிருக்கும் அந்த ஒரு வரியைத் தேடிப் படிக்க வேண்டும்.

விலை பத்தாயிரத்தைத் தாண்டும்போதுதான் விஷயம் சிக்கலாகிறது, ஏனென்றால் அங்கே விலையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அப்போது எல்லோரும் சொல்வது 'சில்க் மார்க் இருக்கா பாருங்க' என்பது. பார்க்க வேண்டியதுதான். மத்தியப் பட்டு வாரியம் 2004-இல் கொண்டுவந்த முத்திரை அது. ஆனால் அந்த முத்திரை சொல்வது ஒன்றே ஒன்று: இது கலப்பில்லாத இயற்கைப் பட்டு. காஞ்சியில் நெய்ததா, கைத்தறியா விசைத்தறியா, ஜரிகையில் வெள்ளி உண்டா என்பதெல்லாம் அதன் வேலை இல்லை. கைத்தறி என்று சொல்ல 2006 முதல் தனியாகக் கைத்தறி முத்திரை இருக்கிறது. ஊர்ப் பெயருக்குப் புவிசார் குறியீடு. காஞ்சிபுரம் பட்டுக்கு அது 2005-இல் கிடைத்தது, ஆரணிப் பட்டுக்கும் பிறகு கிடைத்தது. மூன்றும் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கான பதில். ஒரு முத்திரையைக் காட்டி மூன்றுக்கும் விலை வாங்குவதுதான் பெரும்பாலும் நடக்கிறது, இதில் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள்.

முத்திரையையே போலியாக அச்சடித்தால்? இந்தத் தலைவலி நமக்கு மட்டும் இல்லை. கியூபாவின் ஹவானா சுருட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் கையால் செய்வது, அதற்கும் ஊர்ப் பெயரால்தான் விலை. பெட்டியின் மேல் கியூபா அரசின் பச்சை நிற உத்தரவாதச் சீட்டு நூறு வருஷத்துக்கு மேலாக ஒட்டப்படுகிறது. போலிக்காரர்கள் சீட்டையும் அச்சடித்தார்கள். 2010-இல் அதில் ஹாலோகிராமும் தனி எண் கொண்ட பார்கோடும் சேர்ந்தன. எண்ணை ஹபானோஸ் என்ற கியூபச் சுருட்டு நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். அப்படியும், ஒரே அசல் எண்ணை நூறு போலிப் பெட்டியில் அச்சடித்தால் அந்த எண் 'சரி' என்றுதான் வரும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் சீட்டோடு நிற்பதில்லை. பெட்டியின் அடியில் சூட்டு முத்திரை இருக்கிறதா, செய்த மாதமும் வருஷமும் ஸ்பானிஷ் சுருக்கெழுத்தில் பதிந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கிறார்கள். கண்ணாடி மூடி போட்ட கோஹிபா என்ற பிராண்டின் பெட்டி என்றால் திறக்காமலே போலி என்று தள்ளிவிடுகிறார்கள்.

சேலைக்கும் இதே வழிதான். லேபிளின் படம் கேளுங்கள், எண்ணும் க்யூஆர் கோடும் தெளிவாகத் தெரியும்படி. சரிபாருங்கள். சேலை கைக்கு வந்ததும் அதில் தொங்குவது அதே எண்தானா என்று பாருங்கள். அதன் பிறகு துணியைத் திருப்புங்கள்.

வாங்குவதற்கு முன்பே விற்பவரிடம் இரண்டு படம் கேட்கலாம். ஒன்று, கரையும் உடலும் சேரும் இடத்தின் பின்பக்கம். அசல் கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். இரண்டையும் தனித்தனி ஓடத்தில் நெய்து, சேரும் இடத்தில் ஊடையை, அதாவது குறுக்கு இழையை, ஊடையோடு கோர்த்திருப்பார்கள். மூன்று ஓடம் வேண்டும், தறியில் இன்னொரு கை உதவியும் வேண்டும். இரண்டாவது படம், உடல் முடிந்து முந்தானை தொடங்கும் இடம். முந்தானைக்கு வேறு நிறப் பாவு (நீளவாக்கு இழை) என்றால், பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதிய இழையைப் பிணைக்க வேண்டும். பிட்னி என்பார்கள். அந்த இடத்தில் ஒரு பட்டையாகத் துணி சற்றுத் தடித்து, இரண்டு நிறமும் கலந்து தெரியும். விரலால் தடவினாலே புரிந்துவிடும். எல்லா நல்ல பட்டிலும் கோர்வையும் பிட்னியும் இருக்கும் என்று சொல்லவில்லை. இல்லாத அசல் பட்டும் ஏராளம். ஆனால் 'கோர்வை' என்று சொல்லி விலை கேட்பவர் இந்தப் படத்தை அனுப்பத் தயங்கினால் அதோடு பேச்சை நிறுத்திக்கொள்ளலாம்.

பார்சலைப் பிரிக்கும்போது யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பிறகு எரித்துப் பார்ப்பது. பட்டு, தலைமுடி மாதிரி ஒரு புரதம். ஓர் இழையை எரித்தால் முடி கருகும் நாற்றம் வரும், தீயை எடுத்ததும் தானாக அணையும், கரியை விரலில் தேய்த்தால் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். ரேயான் காகிதம் போல எரிந்து சாம்பலாகும். இதுவரை பலருக்கும் தெரியும். தெரியாத இடம் எது என்றால், எந்த இழையை எடுப்பது என்பது. முந்தானைக் குஞ்சத்தில் தொங்குவது எல்லாம் பாவு நூல். பாவைப் பட்டில் ஓட்டிவிட்டு ஊடையில் பாலியெஸ்டர் விட்டு நெய்த சேலையில், குஞ்சத்தை மட்டும் எரித்தால் 'அசல்' என்று வந்துவிடும். ரவிக்கைத் துண்டின் வெட்டு விளிம்பில் குறுக்காக ஓடும் இழை ஒன்றையும் உருவி எரிக்க வேண்டும். இரண்டும் பொடியானால்தான் முழுப் பட்டு.

ஜரிகையை வீட்டில் முழுதாகச் சோதிக்க முடியாது. அசல் ஜரிகை பட்டு இழையின் மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்கம் ஏற்றியது. உள்ளிழை பெரும்பாலும் சிவப்பு. ஒரு நூலை நகத்தால் உரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை பாலியெஸ்டர் தெரிகிறதா என்பதை மட்டும் பார்க்கலாம். செம்புக் கம்பியில் செய்த 'டெஸ்டட் ஜரிகை' போட்ட சுத்தப் பட்டும் நல்ல சேலைதான், அப்படிச் சொல்லி விற்றால்.

இத்தனையும் கேட்டுவிட்டுத் தம்பி, "ஏமாந்துட்டா என்னண்ணா பண்றது?" என்றார். நியாயமான கேள்வி. 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி விற்பவரின் பெயரும் முகவரியும் வாங்குபவருக்குத் தெரிய வேண்டும். அது இல்லாமல் ஒரு ஃபோன் நம்பருக்குப் பணம் அனுப்பச் சொல்லும் இடத்தில் வாங்கவே வேண்டாம். வாங்கிவிட்டால், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், பார்சல் வீடியோ மூன்றையும் வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம். விற்றவர் சூரத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019 சட்டம் சொல்கிறது. நமக்கு அது திருவண்ணாமலை. ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது.

எனக்கு இதில் உள்ள வருத்தம் வேறொன்று. நம் மாவட்டத்து ஆரணியில் நெய்த நல்ல சேலை காஞ்சி என்ற பெயரில் விற்கிறது. துணியில் குறையில்லை, காசும் வீணில்லை, ஆனால் நெய்த ஊரின் பெயர் அதில் இல்லை. சொந்தமாகப் புவிசார் குறியீடு உள்ள ஊருக்கு இந்த நிலை வரக் கூடாது. நாம் கேட்காததும் இதற்கு ஒரு காரணம். கடைக்காரரிடம் 'ஆரணியா காஞ்சியா, எதுன்னாலும் சரி, பில்லில் எழுதிக் கொடுங்க' என்று கேட்டால் போதும். 'ப்யூர் சில்க், கைத்தறி' என்ற வார்த்தைகளும் அதே பில்லில் வரட்டும். பிறகு ஆணையத்தில் பேசப் போவது அந்தப் பில்தான்.

சித்திமார் மூவருக்கும் ஆரணியில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் பார்க்கச் சொன்னேன். ஃபோனில்தான் எடுப்பேன் என்றால் கோ-ஆப்டெக்ஸுக்கும் இணையக் கடை இருக்கிறது. தீபாவளியை ஒட்டி அங்கே 30 சதவீதம் தள்ளுபடி கொடுப்பார்கள், கல்யாணம் தையில் என்பதால் அப்போதே வாங்கி வைத்துவிடலாம்.