கடலைக் காட்டாத கடற்சித்திரம்

மீன்பிடித் தொழிலைச் சித்திரிக்கும் ஒரு படத்தில் கடலும் இல்லை, படகும் இல்லை, ஆண்மகன் ஒருவனும் இல்லை என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் 1882-ஆம் ஆண்டில் நீர்வர்ணத்தில் தீட்டிய 'வலைகளைச் சீர்செய்தல்' என்னும் சித்திரம் அத்தகையது. ஒரு பலகையின்மீது இரண்டு பெண்கள் அருகருகே அமர்ந்திருக்கின்றனர். தலைகள் கவிழ்ந்திருக்கின்றன, கவனமெல்லாம் கைவேலையில் பதிந்திருக்கிறது. நம்மை அவர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. கிழிந்த வலையைப் பின்னும் இந்த ஏழைப் பெண்களிடம் பண்டைக் கிரேக்கச் சிற்பங்களின் கம்பீரம் குடிகொண்டிருப்பதாகக் கலா விமரிசகர்கள் கூறுவர். படம் இப்போது வாஷிங்டன் நகரத்துத் தேசியச் சித்திரசாலையில் இருக்கிறது.

ஹோமர் 1836-இல் பாஸ்டன் நகரில் பிறந்தவர். நமது பத்திரிகையைப் போன்ற ஒரு படப்பத்திரிகைக்கு, அதாவது 'ஹார்ப்பர்ஸ் வீக்லி'க்கு, அமெரிக்க உள்நாட்டு யுத்தக் காட்சிகளை வரைந்து அனுப்பிப் பெயர் பெற்றவர். (படப்பத்திரிகைச் சித்திரக்காரரைத் தாழ்வாக எண்ணுவோர் இதைக் கவனிப்பார்களாக.) 1881-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அவர் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், டைன் நதி கடலோடு கலக்கும் இடத்துக்குச் சற்று வடக்கேயுள்ள கல்லர்கோட்ஸ் என்னும் மீனவர் கிராமத்துக்கு வந்தார். 1882 நவம்பர் வரையில் அங்கேயே தங்கிவிட்டார்.

அவ்வூர் ஆடவர்கள் கடலுக்குச் சென்ற படகுக்குக் கோபிள் என்று பெயர். முன்புறம் கூர்மையாகவும் ஆழமாகவும், பின்புறம் தட்டையாகவும் அமைந்த படகு அது. துறைமுகம் இல்லாத மணற்கரையிலிருந்தே அலைக்குள் தள்ளிச் செல்வதற்கு ஏற்ற அமைப்பு. கோடையில் ஹெர்ரிங் மீனுக்கு வலை. குளிர்காலத்தில் காட், ஹாடக் முதலிய மீன்களுக்கு நீண்ட தூண்டிற்கயிறு. கயிறு ஒன்றில் நூற்றுக்கணக்கான முட்கள் தொங்கும். ஒவ்வொரு முள்ளிலும் இரை கோக்கப்பட்டிருக்க வேண்டும். கோப்பவர் யார்?

பெண்களே. குளிரில் பாறைகளுக்கிடையே சென்று இரை சேகரிப்பதும், மட்டிச் சிப்பிகளை ஒவ்வொன்றாகத் திறந்து சதையை எடுப்பதும், அதை முள்ளில் கோத்துக் கயிறு சிக்காதவாறு சுருட்டி வைப்பதும் அவர்கள் வேலை. படகு திரும்பியதும் மீனைச் சுத்தம் செய்து, கூடையில் நிறைத்து முதுகில் சுமந்து, பக்கத்து ஊர்களிலும் நியூகாஸிலிலும் வீதி வீதியாகக் கூவி விற்றவர்களும் அவர்களே. மறுநாள் பொழுது விடிந்தால் முட்கள் மீண்டும் காலியாக இருக்கும்! மீன்பிடித்தல் ஆண்களின் தொழில் என்று நாம் சொல்வதெல்லாம் வீட்டு வாசலை எட்டிப் பாராமல் கடலை மட்டும் பார்த்துச் சொன்ன சொல். ஹோமர் வாசலைப் பார்த்தார்.

அந்த ஆண்டுகளில் நம் பாட்டனார்களின் தந்தையர் அறிந்திருந்த இங்கிலீஷ்காரர் கலெக்டர். அல்லது துப்பாக்கி ஏந்திய சிப்பாய். உலகத்தில் கால்பங்கை ஆண்ட தேசத்தின் வடகோடியில், விரல்கள் உப்புநீரில் வெடித்து, சிப்பி உரித்து வயிறு வளர்த்த பெண்களும் இருந்தனர் என்பது நமக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் சொல்லப்படவில்லை. சாம்ராஜ்யத்தின் செல்வத்தில் அவர்கள் கூடைக்குள் விழுந்தது எவ்வளவு?

அவர்கள் அஞ்சியது வறுமையை மட்டுமன்று. 1881 அக்டோபர் 14-ந் தேதி அடித்த பெரும்புயலில், அதே கரையின் வடக்கே ஸ்காட்லாந்தின் ஐமவுத் முதலிய ஊர்களைச் சேர்ந்த 189 மீனவர்கள் மாண்டனர். ஐமவுத்தில் மட்டும் 129 பேர். பலர் கரைக்குச் சமீபத்தில், மனைவி மக்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூழ்கினர். அடுத்த வாரமே டைன் முகத்துவாரத்தில் 'அயர்ன் கிரௌன்' என்னும் கப்பல் தரைதட்டியது. ஹோமர் நேரிற் சென்று அக்காட்சியைத் தீட்டினார். அவ்வாண்டிலேயே வரைந்த 'கடலின் அபாயங்கள்' என்ற நீர்வர்ணப் படத்திலோ, கரையில் நின்று காத்திருக்கும் இரண்டு பெண்களே முன்னே நிற்கின்றனர்.

ஆயினும் இம்மகா கலைஞர்மீது எனக்கு ஒரு குறை உண்டு. கல்லர்கோட்ஸிலிருந்து இரண்டு மைல் தூரத்திலுள்ள நார்த் ஷீல்ட்ஸில், 1877-ஆம் ஆண்டிலேயே வில்லியம் பர்டி என்பவர் 'மெஸெஞ்சர்' என்ற நீராவிப் படகில் மடிவலையைக் கட்டிக் கடலடியை வாரத் தொடங்கிவிட்டார். லாபத்தைக் கண்ட மற்றவர்களும் பின்தொடர்ந்தனர். கடலின் தரையையே துடைத்துச் செல்லும் அவ்வலை, கோபிள்காரர்கள் போட்டு வைத்த தூண்டிற்கயிறுகளையும் அறுத்துச் சென்றது. மீன்குஞ்சுகளும் அழிவதாகக் கரையோர மீனவர்கள் முறையிட்டனர். 1882-இல் ஊருக்குள் புதிய ரயில் நிலையமும் வந்தது. கடற்காற்று வாங்க நகரத்தார் வந்து குவிந்தனர். ஹோமரின் சித்திரங்களில் இவற்றுக்குப் பெரும்பாலும் இடமில்லை. பாய்மரமும் கூடையும் வலையுமே அவர் கண்ணுக்குப் பட்டன. அப்பெண்களை என்றும் அழியாத சிலைகள்போல் அமர்த்தினார். அவர்கள் தொழிலின் வேர் அறுபடுவதை மட்டும் எழுதாமல் விட்டார். உழைப்பை உள்ளவாறு காட்டியவர் என்பதனால்தான் இக்குறை உறுத்துகிறது. அழகை மட்டும் தேடிய வேறொருவரை நாம் இவ்வாறு கேட்கமாட்டோம்.

1883-இல் லண்டனில் நடந்த மீன்பிடித் தொழிற் பொருட்காட்சியில், விஞ்ஞானி தாமஸ் ஹக்ஸ்லி, பெருங்கடலின் முக்கிய மீன்வளங்கள் மனிதன் பிடித்துத் தீர்ந்துபோகக் கூடியவை அல்ல என்னும் கருத்தை வெளியிட்டார். அதே ஆண்டில் இழுவலை பற்றிய புகார்களை விசாரிக்க ஆங்கில அரசாங்கம் ஒரு கமிஷனை நியமித்தது. விசாரணை 1885 வரை நீண்டது. பின்வந்த காலம் ஹக்ஸ்லியின் நம்பிக்கையைப் பொய்யாக்கி, மீனவர்களின் அச்சத்தையே மெய்யாக்கிற்று.

ஹோமர் அதற்குள் தாய்நாடு திரும்பி, மேய்ன் மாகாணத்துக் கடற்கரையில் குடியேறிவிட்டார். ஆனால் கல்லர்கோட்ஸ் அவரை விடவில்லை. 1883-இல் 'மணற்றிட்டுக்கு உட்புறம்' என்னும் நீர்வர்ணச் சித்திரத்தை முடித்தார். அதில் ஒரு மீனவப் பெண் கூடையுடன், காற்றில் மேலங்கி உப்பிப் பறக்க, கால்களை மணலில் அழுத்தி ஊன்றிக்கொண்டு தனியே நிற்கிறாள்.