கார்த்திகை விண்மீன்களுக்கு வயது என்ன?

கார்த்திகைத் திருநாளன்று பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் நம் வீட்டு வாசல்களில் அகல்விளக்குகள் எரிவதைக் காண்கிறோம். அந்நாளுக்குப் பெயர் தந்த விண்மீன்கள் வானில் எரியத் தொடங்கி எத்தனை காலமாயிற்று என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

முருகனை வளர்த்த அறுவராக நாம் போற்றும் கார்த்திகைக் கூட்டத்தில் உண்மையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் உள்ளன. ஏறத்தாழ 440 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் இவை, ஒரே வாயு மேகத்தில் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை. அதனால்தான் இவற்றின் வயதைக் கணிக்க முடிகிறது.

ஒரே நேரத்தில் ஏற்றிய விளக்குகளை எண்ணிப் பாருங்கள். தடித்த திரியிட்ட விளக்கு எண்ணெயை விரைவில் தீர்த்துவிடும். மெல்லிய திரி நெடுநேரம் எரியும். எவை அணைந்துவிட்டன என்று பார்த்தே ஏற்றிய நேரத்தைச் சொல்லிவிடலாம். விண்மீன்களிலும் நிறை மிகுந்தவையே எரிபொருளை முதலில் தீர்க்கின்றன. எஞ்சியிருப்பவற்றுள் மிக வெப்பமானது எது என அறிந்தால் கூட்டத்தின் வயது புலப்படும்.

வெப்பத்தை அறிய உதவுவது நிறமாலை. விண்மீனின் ஒளியை நிறங்களாகப் பிரித்தால் இடையிடையே கருங்கோடுகள் தெரியும். ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய கோடுகள் உண்டு. அக்கோடுகளின் வலிமையை வெப்பநிலையோடு இணைக்கும் சமன்பாட்டை 1920இல் வகுத்தவர் இந்திய அறிவியலாளர் மேகநாத் சாகா.

ஆயினும் இம்முறையில் ஒரு சிக்கல் இருந்தது. சுற்றுப்பகுதியிலிருந்து மையத்துக்குப் புதிய ஹைட்ரஜன் கலந்தால் விண்மீனின் ஆயுள் நீளும். அக்கலப்பைக் கணக்கில் சேர்க்காதவர்கள் கார்த்திகையின் வயதை 7, 8 கோடி ஆண்டுகள் என்றே மதிப்பிட்டனர்.

இதைத் திருத்தியது லித்தியம். உள்வெப்பம் ஏறத்தாழ 25 இலட்சம் டிகிரியை எட்டினால் லித்தியம் அழிந்துவிடும். சிறிய விண்மீன்கள் சுருங்கச் சுருங்கச் சூடேறுகின்றன. அவற்றுள் நிறை கூடியவை அந்த வெப்பத்தை முதலில் எட்டும், குறைந்தவை பின்தங்கும். ஆகவே லித்தியம் இழந்தவற்றுக்கும் இழக்காதவற்றுக்கும் இடையிலான எல்லை எங்குள்ளது என்பதே வயதைக் காட்டும் கடிகாரம்.

1996இல் கிபோர் பாஸ்ரி குழுவினர் ஹவாயிலுள்ள கெக் தொலைநோக்கியால் கார்த்திகையின் மிக மங்கலான ஓர் உறுப்பினரை ஆராய்ந்தனர். சிவப்பு நிறப்பகுதியில், 670.8 நானோமீட்டரில், லித்தியக் கோடு தெரிந்தது. 1998இல் ஜான் ஸ்டாஃபர் குழுவினர் மேலும் பல மங்கலான உறுப்பினர்களை ஆராய்ந்து, வயது சுமார் 12.5 கோடி ஆண்டுகள் எனக் கணித்தனர். பின்னர் வந்த ஆய்வொன்று 11 கோடியை ஒட்டிய வயதைத் தந்தது. பளிச்சிடும் விண்மீன்களை வைத்துப் போட்ட கணக்கை, கண்ணுக்கே தெரியாதவை திருத்திவிட்டன!

460 கோடி வயதுடைய நம் சூரியனுக்கு முன் கார்த்திகை இன்னும் குழந்தைதான். அது பிறந்தபோது பூமியில் டைனோசர்கள் உலவிக்கொண்டிருந்தன.

தீபத்தன்று முழுநிலவு அருகிலேயே நிற்பதால் கார்த்திகை மங்கித் தெரியும். பத்து நாள் கழித்து, இரவு ஒன்பது மணியளவில், தெருவிளக்கு மறைந்த ஓரிடத்தில் நின்று வடகிழக்கே பாருங்கள். அறுவரையும் எண்ண முடிகிறதா என்று சொல்லுங்கள்.