கண் வலிக்கவில்லையா? உஷார்!

திருப்பூரில் நிட்டிங் எந்திரம் ஓடும் இடத்தில் பஞ்சு பறக்கும். துளி பஞ்சு கண்ணில் பட்டால் போதும். இமை படக்கென்று மூடும். கண்ணீர் பொங்கும். "பாழாய்ப்போன தூசி!" என்று தொழிலாளி திட்டுவார்.

திட்டக்கூடாது! கண்ணின் காவல்காரன் விழித்திருக்கிறான் என்று அர்த்தம்.

கருவிழியின் முன்னால், கைக்கடிகாரக் கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறது. டாக்டர்கள் அதைக் 'கார்னியா' என்பார்கள். கனம் சுமார் அரை மில்லி மீட்டர். அதில் ரத்தக் குழாய் கிடையாது. ஆனால் நரம்பு முனைகள், தோலில் இருப்பதைப்போல பல நூறு மடங்கு! வலியைச் சொல்வதும், கண்ணீரை வரவழைப்பதும், படலத்தைப் புதுப்பிப்பதும் அந்த நரம்புகளின் வேலை.

அவை கெட்டால்?

வலிக்காது. அதுதான் ஆபத்து! புண் இருக்கும், ஆறாது. "கொஞ்சம் மங்கல்தானே" என்று வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். கடைசியில் படலம் ஓட்டையாகிவிடும்.

நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் வரும் அக்கி, நீரிழிவு, தொழுநோய் ஆகியவை இந்த நரம்புகளைக் கெடுக்கும். சாயப்பட்டறையில் புழங்கும் காஸ்டிக் சோடாவும் கெடுக்கும். அமிலத்தைவிட இது பொல்லாதது. உள்ளே இறங்கிக்கொண்டே போகும். கண்ணில் தெறித்தால், அந்த நிமிடமே குழாயடிக்கு ஓடவேண்டும். அரைமணி நேரம் விடாமல் கழுவவேண்டும். பிறகுதான் ஆஸ்பத்திரி. தாய்ப்பால், பச்சிலைச் சாறு எதுவும் விடக்கூடாது.

பஞ்சு வைத்தியம் அல்ல, பஞ்சுப் பரீட்சை!

நோயைக் கண்டுபிடிக்க டாக்டர் முதலில் எடுப்பது என்ன தெரியுமா? அதே பஞ்சு! நுனியைத் திரித்து, பக்கவாட்டிலிருந்து படலத்தைத் தொடுவார். இமை சிமிட்டினால் நல்லது. சிமிட்டாவிட்டால் நரம்பில் கோளாறு. பிறகு கண்ணில் ஒரு சாயம் விட்டு, நீல விளக்கில் பார்ப்பார். புண் பச்சையாக ஒளிரும். (சாயத்துக்குப் பேர்போன ஊர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம்!)

பக்கத்துக் கோவையில் 1997-ல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் கருவிழிக்கென்றே தனிப் பிரிவு உண்டு.

ஆரம்பத்தில் வந்தால், செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்தே பலருக்குப் போதும். முற்றினால், நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்து நீர் பிரித்துச் சொட்டு மருந்தாக விடுவார்கள். இமைகளை ஓரத்தில் தைத்து வைப்பதும் உண்டு. பார்க்கச் சங்கடம்தான், ஆனால் கண் தப்பிக்கும்.

நரம்பை வளர்க்கும் பொருளைக் கண்டுபிடித்ததற்காக, இத்தாலியில் பிறந்த ரீட்டா லெவி மொந்தால்சினி என்ற அம்மையார் 1986-ல் நோபல் பரிசைப் பங்கிட்டுக்கொண்டார். அந்தப் பொருளைக் கொண்டு செய்த கண் சொட்டு மருந்துக்கு 2018-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. விலையைக் கேட்டால் தலை சுற்றும்!

இன்னொரு வழியும் உண்டு. நோயாளியின் காலிலிருந்து நரம்பை எடுத்து, நெற்றி நரம்போடு இணைத்துக் கண்ணுக்குக் கொண்டுவருகிறார்கள். உணர்ச்சி திரும்பப் பல மாதம் ஆகும். அதுவரை டாக்டர் பஞ்சை வைத்துத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்.